வயதான பூனைக்கு மூச்சு வாங்குகிறதா? முதலில் எண்ணிப் பாருங்கள்

எங்கள் வீட்டுப் பொம்மி பீரோ மேல் ஏறுவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு 12 வயது. “அது என்ன குமரியா, வயசாயிருச்சுல்ல” என்றார் அம்மா. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒருநாள் மதியம் சோபா ஓரத்தில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தபோது அதன் விலாப்பக்கம் தையல் மெஷின் மாதிரி விடாமல் ஏறி இறங்குவதைக் கவனித்தேன். ஏதோ தோன்றி, கைப்பேசியில் 30 நொடி வைத்து எண்ணினேன். 23. அதாவது நிமிடத்துக்கு 46 மூச்சு. அது அதிகமா குறைவா என்றுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது.

தெரிந்திருந்தால் இரண்டு மாதம் முன்பே எண்ணியிருப்பேன். வயதான பூனை வளர்ப்பவர்கள் அந்த ஓர் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பூனைக்கு உடம்பு சரியில்லை என்றால் அது சொல்லாது. நாய் வந்து காலடியில் படுத்து முனகும், பாவமாகப் பார்க்கும். பூனை அப்படியில்லை. தனியாக வேட்டையாடிப் பிழைத்த இனம் அது. தன்னைவிடப் பெரிய மிருகத்துக்கு இரையாகிவிடும் பயமும் அதற்கு உண்டு. பலவீனத்தை வெளியே காட்டாத பழக்கம் இன்னும் போகவில்லை. மூச்சு விடச் சிரமமாக இருந்தால் அது முதலில் செய்வது, வேலையைக் குறைத்துக்கொள்வதுதான். உயரத்தில் ஏறாது, பல்லியைத் துரத்தாது, சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கொஞ்சம் கழித்து வரும், கட்டிலுக்கு அடியில் போய் உட்காரும். இவை எல்லாமே கிழடு தட்டிய பூனை செய்யக்கூடியவையும்தான். அதனால்தான் நாம் ஏமாறுகிறோம்.

எது வயதான பூனை என்ற கேள்விக்குப் பொதுவாகக் கால்நடை மருத்துவர்கள் 10 வயதைத் தாண்டியது என்று பதில் சொல்வார்கள். மனிதக் கணக்கில் 10 வயதுப் பூனை ஐம்பதுகளின் நடுவில் இருக்கிறது; 15 வயதுப் பூனைக்கு எழுபத்தைந்துக்கு மேல். அந்த வயதில் நமக்கு வரும் இதயம், தைராய்டு, சிறுநீரகம், புற்றுநோய்த் தொல்லைகள் எல்லாம் அதற்கும் வரும். அவற்றில் பல கடைசியில் மூச்சில் வந்து நிற்கும்.

எண்ணும் விதம்

பூனை நன்றாகத் தூங்கும்போது எண்ண வேண்டும். விழித்திருக்கும்போது எண்ணினால் பயம், ஆர்வம், ஜன்னலில் வந்த காக்கை என்று ஏதாவது ஒன்று கணக்கைக் குழப்பும். குர்ர்ர் என்று ஓசையிட்டுக்கொண்டிருந்தாலும் எண்ணாதீர்கள். மீசை துடிக்கிறது, பாதம் வெட்டி வெட்டி இழுக்கிறது என்றால் கனவு காண்கிறது. அப்போது மூச்சு தாறுமாறாக இருக்கும். கொஞ்சம் பொறுத்து எண்ணலாம். வெயில் கொளுத்தும் அறையிலும் எண் கூடும். ஆகவே விசிறிக்குக் கீழே, அது அசையாமல் கிடக்கும் நேரம் பாருங்கள்.

கையை வைக்காதீர்கள், விழித்துக்கொள்ளும். இரண்டடி தள்ளி உட்கார்ந்து விலாவையோ வயிற்றோரத்தையோ பார்த்தால் போதும். ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. நிறையப் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். ஏறுவதை ஒன்று, இறங்குவதை இரண்டு என்று எண்ணிவிட்டு, நிமிடத்துக்கு 50 வருகிறதே என்று ராத்திரி பதினொரு மணிக்குப் பதறுவார்கள். 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள்.

நலமாக இருக்கும் பூனை தூக்கத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முதல் 30 மூச்சு விடும். ஒருமுறை 32 வந்தால் பதற வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து இன்னொருமுறை எண்ணுங்கள். திரும்பத் திரும்ப 30-க்கு மேல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும். 40-ஐத் தாண்டி நிற்கிறது என்றால் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, கூடையை எடுக்க வேண்டியதுதான்.

இதைவிட முக்கியம், உங்கள் பூனையின் சொந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருப்பது. அது நலமாக இருக்கும் நாட்களில் ஒரு வாரம் தினமும் எண்ணி எழுதிவையுங்கள். எப்போதும் 18 வரும் பூனைக்கு இரண்டு வாரமாக 28 வருகிறது என்றால், புத்தகக் கணக்குப்படி அது இன்னும் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஏதோ மாறியிருக்கிறது.

எண்ணும்போதே மூச்சின் தோரணையையும் பாருங்கள். நலமான பூனை மூச்சு விடுவதே கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும். சிரமப்படும் பூனைக்கு வயிறு பெரிதாக அசையும். நெஞ்சு விரியும்போது வயிறு உள்ளே போனால் அது நல்ல அறிகுறி இல்லை. பக்கவாட்டில் நீட்டிப் படுக்காது. நான்கு காலையும் மடக்கிக் குந்தி, முன்னங்கால் முட்டியை வெளிப்பக்கம் விரித்து, கழுத்தை முன்னால் நீட்டி உட்கார்ந்திருக்கும். நெஞ்சுக்கூட்டுக்கு இடம் பண்ணிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். பார்ப்பவருக்கு அது அமைதியாக யோசித்துக்கொண்டிருக்கிற மாதிரி தெரியும். பொம்மி அப்படித்தான் இரண்டு மாதம் ‘யோசித்துக்கொண்டு’ இருந்தது.

வாயைத் திறந்தால்

நாய் நாக்கைத் தொங்கப் போட்டு இரைப்பது உடம்புச் சூட்டைத் தணிக்க. பூனை அந்த வேலைக்கு வாயைப் பயன்படுத்துவது அபூர்வம். உடம்பை நக்கி ஈரமாக்கிக்கொள்ளும், பாதத்தில் லேசாக வியர்க்கும், குளிர்ந்த தரையைத் தேடிப் படுக்கும். ஆகவே சும்மா இருக்கும் வயதான பூனை வாயைத் திறந்து மூச்சு விடுகிறது என்றால் அது அவசரம். காரில் பயந்து கொஞ்ச நேரம் இரைப்பதும், குட்டி ஒன்று வெறித்தனமாக விளையாடிவிட்டு ஒரு நிமிடம் வாய் திறப்பதும் உண்டு. கிழப்பூனைக்கு அந்தச் சலுகையை நான் கொடுக்க மாட்டேன்.

ஒரே ஒரு விதிவிலக்கு. வேறொரு பூனையின் மூத்திர வாடையையோ உங்கள் செருப்பையோ மோந்துவிட்டு, வாயைப் பாதி திறந்து, மேலுதட்டைச் சுருக்கி, அருவருப்பாகப் பார்ப்பதுபோல் சில நொடி நிற்கும். மேலண்ணத்தில் உள்ள ஒரு தனி மோப்ப உறுப்புக்கு வாடையைக் கொண்டுபோகிறது. அதற்கும் மூச்சுக்கும் சம்பந்தமில்லை.

ஈறும் நாக்கும் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சில பூனைகளுக்கு ஈறு இயல்பாகவே கறுத்திருக்கும்; அப்படியானால் நாக்கைப் பாருங்கள். நீலம் பாய்ந்தாலும், சாம்பல் பூத்தாலும், சுண்ணாம்பு மாதிரி வெளுத்தாலும் நேரம் குறைவு என்று அர்த்தம்.

கோளாறு எந்த இடத்தில்?

மூச்சுக்காற்று போகும் வழியை ஒரு குழாயாக நினைத்துக்கொண்டு மூக்கிலிருந்து உள்ளே போனால் புரிந்துகொள்ள எளிது.

மூக்கில் கோளாறு என்றால் சத்தம் கேட்கும். சளி குறட்டை, தும்மல், ஒரு நாசியில் மட்டும் ஒழுகுவது. குட்டியாக இருந்தபோது வந்த வைரஸ் சளி மூக்கின் உள்ளெலும்பைச் சிதைத்துவிட்டுப் போனதால் ஆயுளுக்கும் மூக்கடைப்போடு வாழும் பூனைகள் உண்டு. வயதான பூனைக்குப் புதிதாக, அதுவும் ஒரு பக்கம் மட்டும் ரத்தம் கலந்து ஒழுகினால் உள்ளே கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெர்சியன் மாதிரிச் சப்பை மூக்கு இனங்களுக்கு வழியே குறுகல். வயதும் எடையும் வெயிலும் சேர்ந்தால் அவை ரொம்பப் பாடுபடும். மூக்கடைத்த பூனை சாப்பிடாமல் போவதற்கு ஒரு காரணம், வாசனை தெரியாத உணவை அது உணவாகவே மதிக்காது. மீனை லேசாகச் சூடுபடுத்தி வைத்தால் சில சமயம் சாப்பிடும்.

தொண்டையில் குரல்வளை இருக்கிறது. பூனையின் ‘மியாவ்’ திடீரென்று கரகரத்துப்போனாலோ சத்தமே வராமல் போனாலோ, மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சென்று கேட்டாலோ கோளாறு அங்கே இருக்கலாம்.

அதற்குக் கீழே மூச்சுக்குழல்கள். இங்கே வருவதுதான் ஆஸ்துமா, நம் வழக்கில் இளைப்பு. பெரும்பாலும் இளவயதிலோ நடுவயதிலோ தொடங்கி, கிழவயதுவரை கூடவே வரும். இதில் பூனை இருமும். ஆனால் நாம் அதை இருமல் என்று எடுத்துக்கொள்வதில்லை, ‘முடி உருண்டை மாட்டிக்கொண்டது’ என்று விட்டுவிடுகிறோம். வித்தியாசம் இருக்கிறது. முடி உருண்டை என்றால் வயிறு அலைஅலையாகச் சுருங்கும், குமட்டும், கடைசியில் தரையில் ஏதாவது விழும். இருமல் என்றால் பூனை தரையோடு தரையாகப் பதுங்கி, கழுத்தை நீட்டி, கக் கக் என்று செருமிவிட்டு எதையோ விழுங்கிவிட்டு எழுந்து போய்விடும். தரையில் ஒன்றும் இருக்காது. வாரத்துக்கு நாலு முறை முடி வராத ‘முடி உருண்டை’ வந்தால் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்பத்திரி மேசையில் எந்தப் பூனையும் இருமிக் காட்டாது.

ஆஸ்துமாப் பூனைக்கு இன்ஹேலரே கொடுக்கலாம் என்பது பலருக்கு ஆச்சரியம். ஒரு முனையில் சின்ன முகமூடி, மறுமுனையில் இன்ஹேலர், நடுவில் ஒரு காற்றுக்குழல். முகமூடியைப் பூனையின் மூக்கில் வைத்து மருந்தை அழுத்தி, அது ஏழெட்டு மூச்சு இழுக்கும்வரை பிடித்திருக்க வேண்டும். பழக்கிவிட்டால் பெரும்பாலானவை ஒத்துழைக்கும். ஆஸ்துமா உள்ள வீட்டில் சிகரெட், கொசுவத்தி, ஊதுபத்தி, பூனை மலஜலம் கழிக்க வைக்கும் தூசி பறக்கும் மண்தட்டு எதுவும் ஆகாது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது பொம்மியை மாடி அறையில் விட்டுக் கதவைச் சாத்துவது என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். அம்மாவுக்கு இதில் இன்னும் முழுச் சம்மதமில்லை.

அடுத்து நுரையீரல். நிமோனியா, ஒட்டுண்ணிப் புழு, புற்றுநோய் எல்லாம் இங்கே. பூனையின் நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. அது கால்விரலுக்குப் பரவும். கிழப்பூனை நொண்டும், விரல் வீங்கும், நகக்கண்ணில் சீழ் மாதிரி இருக்கும். புண் என்று நினைத்து மருந்து போட்டுக்கொண்டிருப்போம், மூல நோய் நெஞ்சுக்குள் இருக்கும். வயதான பூனைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விரல் காரணமில்லாமல் வீங்கினால் விரலை வெட்டி எடுப்பதற்கு முன் நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

இனி வருவது பொம்மியின் கதை.

நெஞ்சில் நீர், அதற்குப் பின்னால் இதயம்

நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவே மிகக் குறுகலான ஓர் இடைவெளி. அதில் வழவழப்புக்கு மட்டும் துளி ஈரம் இருக்கும். அந்த இடத்தில் நீர் கோத்துக்கொண்டால் நுரையீரல் விரிய இடமிருக்காது. தண்ணீர் நிரம்பிய குடத்துக்குள் பலூனை ஊதிப் பாருங்கள், அப்படி. கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்வரை பூனை சமாளித்துக்கொண்டே இருக்கும், வெளியே தெரியாது. ஒரு நாள் இனி முடியாது என்ற அளவைத் தாண்டும். அன்றைக்குத்தான் நமக்கு ‘திடீரென்று’ மூச்சுத்திணறல் வந்த மாதிரி இருக்கும்.

நீர் கோக்கப் பல காரணம் உண்டு. சீழ், நிணநீர்க்கசிவு, நெஞ்சுக்குள் இருக்கும் கட்டி இப்படி. வயதான பூனையில் முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றில் ஒன்று இதயம்.

பூனைகளுக்கு வரும் இதய நோய்களில் மிகச் சாதாரணமானது இதயத்தசை தடித்துப்போவது. பூனையின் இதயம் கிட்டத்தட்ட ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுதான். அதன் இடது கீழறைச் சுவர் 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் அது நோய். தசை தடித்தால் பலம் கூடும்தானே என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. சுவர் தடிக்கத் தடிக்க உள்ளறை சுருங்குகிறது, விறைத்துப்போகிறது, ரத்தம் வந்து நிரம்பத் தோதாகத் தளர்ந்து கொடுக்க மறுக்கிறது. நிரம்பாத ரத்தம் பின்னால் தேங்குகிறது. தேங்கிய அழுத்தத்தில் நீர் கசிந்து நுரையீரலுக்குள்ளோ அதைச் சுற்றியோ சேர்கிறது. பிரச்சினை இதயத்தில், தவிப்பது நுரையீரல்.

மெயின் கூன், ராக்டால் இனங்களில் இதற்கான மரபணுப் பிழையே 2005-லும் 2007-லும் கண்டறியப்பட்டது. ஆனால் எந்த இனத்தையும் சேராத நம் தெருப்பூனைக்கும் இது வரும். வயது கூடக்கூட அதிகமாக வரும். பூனைகளைப் பொதுவாக எடுத்துச் சோதித்தால் ஏழில் ஒன்றுக்கு இருக்கிறது. அவற்றில் பெரும்பான்மை எந்தத் தொல்லையும் இல்லாமல் ஆயுளை முடித்துவிடும் என்பது ஆறுதல்.

இங்கே நாயோடு பழகியவர்கள் தடுமாறும் ஒரு விஷயம். இதயம் பழுதான நாய் இருமும். இதயம் பழுதான பூனை பெரும்பாலும் இருமாது. மூச்சு மட்டும் வேகமாகும். அதாவது எண்ணினால் ஒழியத் தெரியாது. மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்து ‘சத்தம் ஒன்றும் இல்லை’ என்றாலும் முழுதாக நிம்மதி அடைய முடியாது, தடித்த இதயம் சத்தமில்லாமலும் ஓடும். நல்ல இதயத்திலும் சில சமயம் சத்தம் கேட்கும். எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுத்துப் பார்த்தால்தான் உறுதி.

இதே நோயின் இன்னொரு முகம் ரத்தக்கட்டி. தேக்கத்தில் உறைந்த கட்டி கிளம்பிப் போய், பின்னங்கால்களுக்கு ரத்தநாளம் பிரியும் கவட்டில் அடைத்துக்கொள்ளும். பூனை கதறும், பின்னங்காலை இழுத்துக்கொண்டு நகரும், பாதம் சில்லென்றிருக்கும், விரல் மெத்தை வெளுக்கும் அல்லது நீலமாகும், கூடவே மூச்சு வாங்கும். அடிபட்டுவிட்டது, யாரோ கல்லால் அடித்துவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் அதிகம். இதுவும் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான்.

உணவும் ஒரு காரணமாக இருந்தது ஒரு காலத்தில். டாரின் என்ற அமினோ அமிலத்தைப் பூனையின் உடம்பு போதிய அளவு தானே செய்துகொள்ளாது. இறைச்சி, மீனிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் இதயம் தளர்ந்து பலூனாக விரிந்துவிடும், டாரின் கொடுத்தால் திரும்பும் என்று 1987-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்குப் பிறகு பூனைத்தீனி நிறுவனங்கள் டாரினை அதிகமாகச் சேர்க்கத் தொடங்க, அந்த வகை நோய் வெகுவாகக் குறைந்துபோனது. ஆனால் பால்சோறும் தயிர்சோறும் மட்டும் தின்று வளரும் பூனைக்கு அந்தத் தீனி எங்கே கிடைத்தது? மீன் வேகவைத்தாலும் டாரின் வெந்த தண்ணீரில் கரைந்துவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாமல் சேர்த்தே கொடுங்கள்.

நெஞ்சுக்கு வெளியே இருந்தும் மூச்சு வாங்கும்

தைராய்டு. கழுத்தில் இருக்கும் இந்தச் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வது வயதான பூனைகளின் தனிநோய் மாதிரி ஆகிவிட்டது. 1979-ல் நியூயார்க்கில்தான் இதை முதன்முதலில் விவரித்தார்கள். இன்றைக்குப் 10 வயது தாண்டிய பூனை மெலிந்தால் மருத்துவர்கள் முதலில் கேட்கும் ரத்தப் பரிசோதனைகளில் இது ஒன்று. அறிகுறி வேடிக்கையானது. பூனை நன்றாகச் சாப்பிடும், இன்னும் கேட்கும், ஆனாலும் இளைத்துக்கொண்டே போகும். ராத்திரியில் காரணமில்லாமல் கத்தும். இதயம் படபடவென்று அடிக்கும், இரைக்கும். ‘கிழவிக்கு இந்த வயசுல என்ன சுறுசுறுப்பு’ என்று நாம் மெச்சிக்கொண்டிருப்போம். கவனிக்காமல் விட்டால் இதுவே இதயத்தைத் தடிக்கவைக்கும். மாத்திரையில் கட்டுப்படும் நோய், அதனால் தவறவிடுவது வருத்தம்.

ரத்தசோகை இன்னொன்று. நாள்பட்ட சிறுநீரக நோயில், எலும்பு மஜ்ஜைக்கு ‘ரத்தம் உற்பத்தி செய்’ என்று சிறுநீரகம் அனுப்பும் ஹார்மோன் குறைந்துவிடும். நுரையீரல் நன்றாகவே இருக்கும், ஆக்சிஜனைச் சுமக்க ரத்த அணுதான் போதாது. ஆகவே அது அடிக்கடி மூச்சு விடும். ஈறு வெளுத்திருக்கும். வலியிலும் காய்ச்சலிலும்கூட மூச்சு வேகம் பிடிக்கும் என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள்

இதைக் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாரசிட்டமால் பூனைக்கு விஷம். நம் கல்லீரல் அதை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் சரியாக இல்லை. ரத்தத்தின் சிவப்பணு ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்துவிடும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சுத் திணறும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். ‘காய்ச்சல் மாதிரி இருந்துச்சு, கால் மாத்திரைதான் கொடுத்தேன்’ என்று சொல்லாதீர்கள். காலும் ஆபத்துதான்.

சளி என்று நினைத்துத் தைலம் தடவுவது, கற்பூரம் வைப்பது, யூகலிப்டஸ் எண்ணெயில் ஆவி பிடிக்க வைப்பது எதுவும் வேண்டாம். தடவியதை அது நக்கி உள்ளே இறக்கிவிடும். கற்பூரமும் யூகலிப்டஸ் எண்ணெயும் அதற்கு நஞ்சு. திணறும் பூனையின் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றினால் அது நேராக நுரையீரலுக்குப் போகும் வாய்ப்பு அதிகம்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்

பொம்மிக்கு 46 வந்த மறுநாள் ஒரு கிளினிக்குக்குப் போனோம். வெயில், வயசு என்று சொல்லி ஒரு சத்து மருந்து எழுதிக்கொடுத்தார்கள். அன்றிரவே வாயைத் திறந்துவிட்டது. பிறகு போன இடத்தில்தான் நான் பாடம் கற்றேன்.

அங்கே பூனையை வாங்கிய மருத்துவர் அதைச் சோதிக்கவே இல்லை. ஒரு கண்ணாடிக் கூண்டில் வைத்து ஆக்சிஜனைத் திறந்துவிட்டு, லேசான மயக்க ஊசி ஒன்று போட்டுவிட்டு, தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதற்றம். “எக்ஸ்ரே எடுக்கலையா டாக்டர்?” என்றேன். “இப்ப புடிச்சுப் படுக்க வச்சா செத்துப்போயிரும் சார். முதல்ல கொஞ்சம் மூச்சு விடட்டும்” என்றார்.

அதுதான் சரியான முறை. திணறும் பூனைக்கு ஒவ்வொரு போராட்டமும் ஆக்சிஜன் செலவு. பக்கவாட்டில் கிடத்தி, நாலு பேர் பிடித்து எக்ஸ்ரே எடுப்பது உயிரை எடுத்துவிடலாம். கொஞ்சம் தணிந்த பிறகு, குந்திய நிலையிலேயே நெஞ்சில் ஸ்கேன் வைத்து நீர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் விலா எலும்புகளுக்கு நடுவே மெல்லிய ஊசியைச் செலுத்தி உறிஞ்சி எடுப்பார்கள். கேட்கப் பயங்கரமாக இருக்கும், பூனைக்கு அதைவிட நிம்மதி வேறில்லை. பொம்மியிடமிருந்து கிட்டத்தட்ட ஒரு டம்ளர் நிறைய எடுத்தார்கள், வைக்கோல் நிறத்தில். நாலு கிலோப் பூனைக்குள் அவ்வளவு தண்ணீர். எடுத்து முடித்த அரைமணி நேரத்தில் அது பக்கவாட்டில் காலை நீட்டிப் படுத்தது. அப்படிப் படுத்து அதை நான் பார்த்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது.

நீர் நுரையீரலுக்குள்ளேயே கசிந்திருந்தால் ஊசியில் எடுக்க முடியாது. ஃபுரோசெமைடு என்ற நீர் பிரிக்கும் மருந்தை ஊசியாகப் போட்டுச் சிறுநீராக வெளியேற்றுவார்கள். எடுத்த நீரைச் சோதனைக்கு அனுப்புவார்கள். அதன் நிறமும் அதில் உள்ள செல்களும் சீழா, கட்டியா, இதயமா என்று துப்புக் கொடுக்கும். இதயத்தின் மேல் சந்தேகம் என்றால், அது திணறும்போது ரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தை அளக்கும் சோதனையும் உண்டு. எக்கோ, தைராய்டு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் எல்லாம் பூனை தெளிந்த பிறகு.

நீங்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சமீபத்தில் டிரிப்ஸ் ஏற்றியது, நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி போட்டது இவற்றை மறைக்காதீர்கள். இதயம் ஏற்கெனவே தடித்திருந்தது யாருக்கும் தெரியாத பூனைக்கு இவை பாரமாகி, நீர் கோக்கவைத்துவிடலாம்.

கொண்டுபோகும்போது மேல்மூடி திறக்கும் கூடையாக இருந்தால் உத்தமம். இழுத்து வெளியே எடுக்கும் போராட்டம் இருக்காது. வண்டியில் கூட்டமாகக் கத்திக்கொண்டு போகாதீர்கள். ஏசி இருந்தால் போடுங்கள். மடியில் இறுக்கிப் பிடிக்காதீர்கள், அது எப்படி உட்கார விரும்புகிறதோ அப்படி விடுங்கள். முன்கூட்டியே போன் செய்து ‘பூனைக்கு மூச்சுத் திணறுகிறது, ஆக்சிஜன் இருக்கிறதா’ என்று கேளுங்கள். இல்லை என்றால் இருக்கும் இடத்துக்கு நேராகப் போய்விடலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வேப்பேரியில் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊரில் எங்கே ஆக்சிஜன் உண்டு, எங்கே இரவில் திறந்திருக்கும் என்பதைப் பூனை நலமாக இருக்கும்போதே விசாரித்து எண்ணைக் கைப்பேசியில் போட்டுவையுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

இதயநோய் குணமாகாது. ஆனால் மாத்திரையில் மாதங்களும், சில பூனைகளுக்கு வருடங்களும் ஓடும். நீர் பிரிக்கும் மாத்திரை கொடுக்கும்போது அது நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறைய மூத்திரம் போகும். மண்தட்டை மாடியில் வைத்திருந்தால் கீழே கொண்டுவாருங்கள், தண்ணீர்க் கிண்ணத்தைக் காலியாக விடாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரை கடும் கசப்பு. முதல்நாள் பொம்மி வாயெல்லாம் நுரை தள்ளி, வலிப்பு வந்துவிட்டதோ என்று எங்களைப் பயமுறுத்தியது. துண்டு மாத்திரையைக் காலி ஜெலட்டின் உறைக்குள் போட்டு, மேலே துளி நெய் தடவிக் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். அன்றிலிருந்து சண்டையில்லை.

மருந்து போதுமா, கூட்ட வேண்டுமா என்று தீர்மானிக்க மருத்துவர் நம்மிடம் கேட்பது அந்தப் பழைய எண்ணைத்தான். நீர் மறுபடி சேரத் தொடங்கினால் வாய் திறப்பதற்குப் பல நாள் முன்பே தூக்க மூச்சு ஏறத் தொடங்கும். இப்போதெல்லாம் ஒரு நிமிடம் முழுக்க எண்ணி, காலண்டரில் தேதிக்குக் கீழே பென்சிலால் எழுதிவைக்கிறோம்: 24, 22, 25, 24, 31, 23. அந்த 31 அன்றைக்குக் கரண்ட் இல்லை. அடுத்த மாதம் 29, 33, 34 என்று வரிசையாக வந்தபோது போன் செய்தோம். மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகாமலே நாலைந்து நாளில் இறங்கியது. இப்போது எண்ணுவது அம்மாதான். பூஜை முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

கூடையைப் பரணில் போடாமல் கூடத்து மூலையில் திறந்தே வைத்திருக்கிறோம், உள்ளே என் பழைய சட்டை ஒன்று. முன்பு கூடையைப் பார்த்தாலே ஓடி ஒளிந்த பொம்மி இப்போது மதியத்தில் அதற்குள்தான் தூங்குகிறது.

நேற்று 23.